சிவலை தின்ற திவசச் சோறு

என்ரை பாக்கியம்,

நீ செத்து ஒரு வருசம் திரும்பி, உனக்கு ஆட்டத்திவசம் செய்து முடித்தாயிற்று. அதோடு உன் சிவலைப் பசுவும் முடிந்தது. எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியும். பேப்பருக்கு அனுப்ப, நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள். இடையிடையே பேனையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள்.

"அப்பு, உது பேப்பரிலை வந்து கனகம் பெரியம்மா வாசிச்சா என்ன செய்யிறது?"

"வாசிக்கட்டும். நீ எழுதடி பிள்ளை."

சண்டையில் பாதை பூட்டிய பிறகு எள்ளுப் புண்ணாக்கு கண்ணில் படவில்லை. பால்மாவும் இல்லை. பேத்தி பிறந்து நாற்பது கழியுமுன் மகளுக்குப் பால் வற்றிவிட்டது. அந்தக் குழந்தைக்குச் சிவலையின் மடியை விட்டால் வேறு போக்கில்லை. பனையோலையைக் கிழித்துப் போட்டேன். பூவரசங்குழை போட்டேன். சாணி இறுகி, ஆட்டுப் புழுக்கை மாதிரிப் போனது. பாலும் சுண்டியது.

மாட்டின் வயிறு ஒரு புளிச்சட்டி, பழகினதைத்தான் அது புளிக்கவைக்கும், புதுத் தீனை விருந்தாளியை விடுவதுபோல ஒவ்வொன்றாய் உள்ளே விடவேணும் என்று நீ சொல்வாய். அப்படித்தான் விட்டேன். பனம்பழத்தைப் பிசைந்து, உப்புப் போட்டு, முதலில் ஒரு அகப்பை. சாணி இளகுகிறதா, படுத்திருந்து இரை மீட்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் மற்ற அகப்பை. வேலியில் நின்ற கிளிசறியா மரத்துக் குழையை வாடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். சாணி பழையபடி வட்டமாய் விழுந்தது. பாலும் ஏறியது. குழந்தையின் கன்னத்தில் சதை வைத்தது. நீ இருந்து பார்த்திருக்க வேணும்.

பிறகு உன் திவசம் வந்தது. வளவில் இடம்பெயர்ந்து வந்த சனம். உன் அக்கா கனகமும் எங்களோடுதான் இருக்கிறா. படைத்து முடிய, உனக்குச் சேரட்டுமென்று மாட்டுக்கு ஒரு பிடி சோறு நானே கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். கனகம் தன் இலையோடு எழும்பிக் கொட்டிலுக்குப் போனா.

"மச்சாள், ஓலை திண்ட வயிறு. சோத்தைத் தாங்காது. நான் குடுத்தது காணும்."

"நீங்கள் குடுத்தது உங்கடை மனிசிக்கு, மச்சான். என்ரை மோனுக்கு ஆர் குடுக்கிறது?"

ஓடிவந்த வழியில் செல் குண்டு விழுந்து செத்தவன் அவன். வேலிக்கரையில் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டு வந்தார்கள். அந்தியேட்டி இல்லை, திவசம் இல்லை. அவவைப் பார்த்து மற்றவர்களும் எழும்பினார்கள். ஆருக்குத்தான் செத்தவர் இல்லை? நிவாரண அரிசியில் அரை வயிறு கழுவுகிற சனம், தங்கள் இலையில் பாதியை வழித்து அதன் வாயில் வைத்தது. அது பாவி, கண்டறியாததைக் கண்டதுபோலத் தின்றது.

பொழுதுபட வயிறு இடப்பக்கம் மேளம்போல எழும்பியது. இரை மீட்கவில்லை. ஓமமும் இஞ்சியும் அவித்துப் போத்தலால் பருக்கினேன். நல்லெண்ணெய் கேட்டு ஓடினேன். வீட்டில் இருந்த கடைசி எண்ணெயில் உனக்கு வடை சுட்டிருந்தார்கள். மறுநாள் மத்தியானம் சிவலை காலை நீட்டிவிட்டது.

கனகத்தை வாயில் வந்தபடி பேசினேன். அவ "மச்சான், அவனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்தானே?" என்று மட்டும் கேட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

நீ சொல்லு பாக்கியம். பசுவுக்குக் கொடுத்தால் செத்தவருக்குச் சேரும் என்கிறார்களே, அவ்வளவு சோறும் அங்கே வந்ததா? வயிறு நிறைந்ததா? உன் பேத்தி கஞ்சித் தண்ணியைத் துப்பித் துப்பி அழுகிற சத்தமும் வருகிறதா?

இனி ஒவ்வொரு வருசத் திவசத்துக்கும் உனக்குச் சமைப்பேன். கனகத்தின் பிள்ளைக்கும் ஒரு இலை போடுவேன். ஆனால் அந்த இரண்டு இலைச் சோறும் குழைத்து உன் பேத்தியின் வாய்க்குத்தான் போகும். மாட்டுக்கும் இல்லை, காகத்துக்கும் இல்லை. உங்களிடம் வந்து சேராவிட்டால், நீங்கள் இரண்டு பேரும் அங்கே பட்டினி கிடவுங்கோ. இது சத்தியம்.

சொன்னது உன் மனிசன்,
எழுதினது உன் மகள்.