பழைய பிரவுசரில் தெரிந்த தேதி

புதன்கிழமை, இரவு.

காக்களூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளின் வேலை அறிவிப்புகளை நெட்டில் ஃபீடாக, புதிது வரவர மேலே சேரும் பட்டியலாக, போடுவது என் பொறுப்பு. என் கம்ப்யூட்டரில் இருக்கிற புது பிரவுசரில் அழகாகத் தெரிந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் பாய் மத்தியானம் போன் செய்தார். "இன்னாமா இது, எங்க பழைய பிரவுசர்ல ஒரே கோடிங்கா கொட்டுது. செல்வின்னு ஒரு பொண்ணு, பேக்கிங் வேலைக்கு இன்டர்வியூ நேத்தே முடிஞ்சிபோச்சுன்னு நெனச்சிக்கினு போவாம உட்டுடுச்சு."

இன்டர்வியூ இன்று காலைதான். நேற்று என்பது நான் அறிவிப்பை ஏற்றிய தேதி. அந்தக் குப்பையில் அதுதான் முதலில் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

செல்வியே போனை வாங்கிப் பேசினாள். "சாரிக்கா, நான்தான் சரியா படிக்கல." திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சாயங்காலம் வரை உட்கார்ந்து, எந்த பிரவுசரில் திறந்தாலும் ஒழுங்காகத் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டைல் ஷீட் எழுதி ஃபீடில் சேர்த்தேன். கம்பெனி அனுப்பியிருந்த புதுத் தகவலையும் ஏற்றிவிட்டு, பாய்க்குப் போன் செய்து ஃபீடைத் திறந்து பார்க்கச் சொன்னேன்.

"இப்ப பளிச்சுனு தெரியுதுமா," என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொத வரியே 'பேக்கிங் வேலை, இடம் நிரம்பிவிட்டது'ன்னு இருக்கு. அந்தப் பொண்ணு இன்னும் இங்கதான் குந்திக்கினு கீது. நான் மானிட்டர அந்தாண்ட திருப்பிட்டேன்."