பால் காய்ச்சிய அன்று நீ குடித்த டம்ளர்

நேற்று இங்கே புனேயில், ஔந்து பக்கம், மகளுக்குப் பார்த்திருக்கும் வரன் வீட்டில் மசாலா பால் கொடுத்தார்கள். ஏலக்காய் வாசனையில் சொக்கிப்போய் ஒரே மூச்சில் குடித்தேன். அரை மணி நேரத்தில் வயிறு பேச ஆரம்பித்தது. சம்பந்தி நிச்சயதார்த்தத் தேதியைக் கேட்க, நான் கழிவறை எங்கே என்று கேட்டேன். மூன்றாவது தடவை யாரும் வழிகாட்ட வேண்டியிருக்கவில்லை.

திரும்பும்போது, நர்ஸ் வேலை பார்க்கும் மகள் ரிக்‌ஷாவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினாள். "பப்பா, இது பீமாரி, வியாதி எல்லாம் இல்ல. வயசு ஏற ஏற நிறையப் பேருக்குப் பால்ல இருக்கிற சர்க்கரை செரிக்காது. பெருங்குடல்ல இருக்கிற கிருமிங்க அதப் புளிக்க வச்சிரும். வாயு வரும், குட்டிக் குட்டிக் கொழுப்பு அமிலம் வரும். அந்த அமிலம் குடலுக்கு நல்லதுதான். உங்கள ஓட விட்டது வாயுவும் தண்ணியும். தயிர், மோருன்னா அவ்வளவு படுத்தாது."

எட்டாவதோடு நின்ற எனக்கு, வயிற்றுக்குள்ளும் ஒரு ஃபேக்டரி மூன்று ஷிப்டு ஓடுகிறது என்பது மட்டும் புரிந்தது. மோர் என்றதும், ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்த்த உன் முகம் வந்து நின்றது.

தொண்ணூறுகளின் கடைசியில், லோஹேகாவில் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, ஏரவாடா வாடகை வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தாய். டம்ளரை நீட்டினேன்.

"மோர் இருந்தா குடு மாப்ள," என்றாய் மெதுவாக.

"வாடகை வீட்டுக்காரனுக்கு வயித்தெரிச்சல் போல," என்று என் மச்சினன் முணுமுணுத்தான். எனக்குச் சுருக்கென்றது.

"ஏன்டா, என் வீட்டுப் பால் உள்ள எறங்காதோ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

என்னைப் பார்த்தாய். முழு டம்ளரையும் குடித்தாய். கொஞ்ச நேரத்தில் நீ கழிவறைக் கதவைச் சாத்தியதும், "முதல் பூஜை அங்கதான்!" என்றேன். கூட்டம் சிரித்தது. இலை போடும் முன்பே போய்விட்டாய். அப்புறம் என் வீட்டுப் படி ஏறவே இல்லை. ஃபேக்டரி வாசலில் பார்த்தால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்.

போன வருடம் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் வாய் திறக்கும் முன்பே நீதான் சொன்னாய்: "அன்னைக்கு உனக்கு ஞாபகம் இருந்திருக்காது மாப்ள. ஆயிரம் வேலை. விடு."

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். மறுவாரம் நீ இல்லை.

அந்த நாளுக்கு முன் ஃபேக்டரி கேண்டீனில் எட்டு வருடம் உன் எதிரில் உட்கார்ந்தவன் நான். "இவனுக்குப் பால் ஆகாது, வெறும் டீ குடு," என்று உனக்காகச் சொல்லி வாங்கியவனும் நான்தான்.

ஞாபகம் இருந்ததுடா.