அரிசி டின்னுக்குக் கீழே கவச வண்டி

கவிஷா அப்பா,

முதுகு பிளக்கிற வலியோடு தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் பால் காய்ச்சவில்லை. பால் சட்டியில்தானே நேற்று உங்கள் ரெசின் பொம்மைக் கவச வண்டியை வேக வைத்தீர்கள்?

"அடித்தட்டு கோணலா வந்திருக்கு புள்ள, சுடுதண்ணியில போட்டா நிமிர்ந்துரும்" என்றீர்கள். நிமிர்ந்ததா? ஒரு சக்கரச் சில்லு இன்னமும் அந்தரத்தில் தொங்குகிறது. சூட்டோடு அமுக்கிவிட்டு உடனே கையை எடுத்தால் பழையபடி கோணத்தான் செய்யும். நானே திரும்பச் சுடவைத்து, கண்ணாடித் துண்டில் படுக்கவைத்து, மேலே அரிசி டின்னை ஏற்றியிருக்கிறேன். நன்றாக ஆறும்வரை தொட வேண்டாம். பச்சை பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

ரெசினை உப்புத்தாளால் உரசுவதை வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசி பட்டால் பிள்ளைக்கு மூச்சு இழுக்கும். புதுச் சட்டி இல்லாமல் அடுப்படிப் பக்கம் வராதீர்கள்.

சுலோச்சனா

மறந்துவிட்டேன்: பொம்மையின் ஒரு சில்லு தரையில் படவில்லை என்று மூன்று நாள் நீங்கள் வேலைக்குப் போகவில்லை. நான் படுக்கிற கட்டிலின் ஒரு கால் உடைந்து, இரண்டு வருடமாகச் செங்கல்லில் நிற்கிறது. "தீவாளிக்குள்ள செஞ்சு தர்றேன்" என்றீர்கள். இரண்டு தீபாவளி போய்விட்டது. நீங்கள் எனக்கு ஒரு கட்டில் கால் கடன்.