இரண்டாவது சிட்டிங்

என் மக்கா ஷிஜா,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பல்லுக்கு வேர் சிகிச்சை செய்ய மஸ்கட்டிலிருந்து ஊருக்கு வருகிறேன் என்றாய். வா. ஆனால் லீவை நீட்டி வாங்கிக்கொண்டு வா. முதல் சிட்டிங்கில் வேரைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து, தற்காலிகமாக அடைப்பார்கள். அன்றே வலி நின்றுவிடும். நின்றதை நம்பாதே.

உன் அண்ணன் நம்பினான். மாடிக்குக் கான்கிரீட் போட எடுத்த லீவு அது. "இப்ப நோவு ஒண்ணும் இல்லம்மா, பாக்கிய அடுத்த லீவுக்குப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு சிமெண்ட் கலக்குபவர்களிடம் போய் நின்றான். சிரித்துக்கொண்டுதான் துபாய்க்கு விமானம் ஏறினான். அங்கே தாடையில் தொடங்கிய வீக்கம் கழுத்துக்கு இறங்கியது உனக்குத் தெரியும். அவனைக் கொண்டுவந்த பெட்டியை அந்தப் புதுக் கான்கிரீட்டுக்குக் கீழேதான் இறக்கி வைத்தார்கள்.

பாறசாலை கிளினிக்கிலிருந்து இப்போதும் அவன் போனுக்கு அழைக்கிறார்கள். அதை நான் சார்ஜ் இறங்காமல் வைத்திருக்கிறேன்.

"ஜோஷி உண்டா? ரெண்டாவது சிட்டிங் பாக்கி உண்டு, கேட்டோ" என்பாள் அங்கே நாள் குறிக்கும் மலையாளத்துப் பெண்.

"வருவான் மக்கா" என்பேன்.

நேற்றும் அழைத்தாள். உனக்காக நாள் கேட்டேன். யார் பெயருக்கு என்றாள். அவன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். போனை வைத்த பிறகுதான் தெரிந்தது. திரும்ப அழைத்து மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

அங்கே அந்தப் பெயரைக் கூப்பிடும்போது நீ எழுந்து உள்ளே போ. நான் வெளியில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அம்மா