சுவரில் மாட்டிய சான்றிதழ்

மகளின் வாப்பாவுக்கு,

ஸலாம் சொல்லித்தான் தொடங்குகிறேன். கோபம் பிறகு. மாடு வளர்ப்பு வகுப்புக்கு நாலு நாள் போனீர்கள். சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினீர்கள். நேற்று வகுப்பு நடத்திய சேர் வீட்டுக்கே வந்து, “மாட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தன வாளி தண்ணி வைக்கிறீங்க?” என்று கேட்டதும், குசினியில் நின்ற என் பக்கம் திரும்பி, “எத்தன வாளி புள்ள?” என்றீர்களே! கையிலிருந்த சட்டியைப் போட்டு உடைக்கலாம் போலிருந்தது.

அடுத்த வகுப்புக்கு என்னை வரச் சொன்னார் சேர். நீங்கள் சிரித்தீர்கள்.

இன்றைக்கு அந்த வகுப்புக்குத்தான் கலேவெல பஸ்ஸில் போகிறேன். பின்னேரம்தான் வருவேன். மாட்டை இன்னும் கறக்கவில்லை. முதலில் கன்றை ஊட்டவிடுங்கள், இல்லாவிட்டால் உதைக்கும். மற்றதையெல்லாம் உங்கள் சான்றிதழின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
எத்தனை வாளி என்று தெரிந்தவள்