ஒரு பிடி பொரியும் அப்பத் தட்டும்

பம்மல்
28.10.2024, இரவு

அன்புள்ள சௌந்தரி அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, மாமாவுக்கும்கூட. படித்ததும் கிழித்துவிடு. என் போனை அப்பா தினமும் வாங்கிப் பார்க்கிறார். அதனால்தான் என் தோழி ஓவியாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆயுத பூஜையன்று ஓவியா வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு உன்னைப் பார்க்க வந்தேன் அல்லவா? மாமாவின் மெக்கானிக் கடையில் படைத்த பொரியைத் தின்றேன். நேற்று தாவீது பாஸ்டர் பிரசங்கத்தில், "ரட்சிக்கப்பட்டாச்சுன்னு தைரியமா இருக்காதீங்க. படைச்சதத் தின்னா அதையும் இழந்துடுவீங்க" என்றார். என்னைப் பார்த்தே சொன்னதுபோல இருந்தது. நான் ஞானஸ்நானம் எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது.

வரும் ஞாயிறு திருவிருந்து, சபையில் அப்பத் தட்டு எல்லோரிடமும் வரும். தகுதியில்லாமல் அப்பத்தை எடுத்தால் தண்டனை. எடுக்காமல் விட்டால் ஏன் என்று அப்பா கேட்பார். உன் வீட்டுக்கு வந்தது தெரிந்துவிடும்.

சபையைச் சேராத மாமாவைக் கல்யாணம் செய்ததால் நீ ரட்சிப்பை இழந்துவிட்டாய் என்கிறார் அப்பா. உண்மையா? இழந்தால் உள்ளே ஏதாவது தெரியுமா?

ஏஞ்சல்

கோவிலம்பாக்கம்
30.10.2024

என் ஏஞ்சலுக்கு,

பொரியை உன் கையில் கொடுத்தது நான். பாவம் என்றால் என் பேரில் எழுதட்டும்.

கடிதத்தைக் காட்டவில்லை. மாமாவிடம் பொதுவாகத்தான் கேட்டேன். "இன்னா சௌந்தரி, ஒரு புடி பொரிக்கா உங்க சாமி கோச்சிக்கும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஒரு வருஷமாக அதே கேள்வியோடுதான் படுக்கிறேன். எந்தச் சபைக்கும் போவதில்லை. ஆனால் ஜெபம் நிற்கவில்லை. கேட்க ஆள் இல்லாத இடத்தில் இவ்வளவு பேச வருமா என்று தோன்றும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அப்பாவுக்குப் பயந்து அப்பத்தை எடுக்காதே. தண்டனைக்குப் பயந்து விடவும் வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடு. அன்றைக்கு இளைத்துப்போய்த் தெரிந்தாய்.

சௌந்தரி

பம்மல்
3.11.2024, இரவு

அக்கா,

அப்பத் தட்டு வரும்போது எல்லோரும் கண்ணை மூடித் தலை குனிந்திருப்போம். இன்று பயத்தில் என்னால் மூட முடியவில்லை. தட்டு முதலில் ஆண்கள் பக்கம் போனது. அப்பா கையை நீட்டினார். எடுக்கவில்லை. அப்படியே பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டார். நிமிர்ந்தபோது, நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். பிறகு தட்டு என்னிடம் வந்தது. அவர் கண்ணை எடுக்கவே இல்லை. நானும் அப்பத்தை எடுக்காமல் தட்டை அனுப்பிவிட்டேன்.

சமையலறையில் அம்மாவைக் கேட்டேன். "அவ போனதுலேர்ந்தே தொடல. பெத்த புள்ளய வெறுத்துட்டு எந்தக் கையால எடுக்கிறதுன்றாரு. வெளிய சொல்லிடாதடி" என்றார்.

அப்படியானால் நம் வீட்டில் மூன்று பேர் வெளியே நிற்கிறோம் அக்கா. உன்னை மட்டும் ஏன் சொன்னார்?

 ஏன் எடுக்கவில்லை என்று அப்பா இன்னும் கேட்கவில்லை. இப்போது கூடத்தில் நடக்கும் சத்தம். கதவைத் தட்டுகிறார்.

"ஏஞ்சல், லைட் எரியுது. அக்காவுக்குத்தான எழுதுற? தொறம்மா."

அதட்டவில்லை அக்கா. திறக்கப் போகிறேன். நான்