வைஃபை வந்த செவ்வாய்க்கிழமை

செஞ்சி
6.12.2025, சனிக்கிழமை

அன்பு மகள் வெண்மதிக்கு நைனா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன், சர்க்கரை மாத்திரையை விடாமல் போடுகிறேன், ரோட்டர்டாம் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும். இங்கே நாலு நாளாக மழை, தீபத்துக்குத் திருவண்ணாமலை போகிற கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கமே போக முடியவில்லை. அம்மா இல்லாமல் இது மூன்றாவது தீபம், வாசலில் ஐந்து விளக்கு வைத்தேன், காற்றில் இரண்டுதான் நின்றது. எதிர்வீட்டு சுந்தராம்பாள் பொரி உருண்டை கொண்டுவந்து கொடுத்தாள், பாதி அப்படியே டப்பாவில் இருக்கிறது.

லேப்டாப் விஷயம் ஒன்று சொல்லவேண்டும். நீ காலேஜில் வைத்திருந்த அந்த லேப்டாப்பில் இருக்கிற பழைய விண்டோஸுக்கு இனி அப்டேட் வராது, புதியது ஏறாது என்று தெரிந்ததும் கடைக்காரர் பொன்னுசாமி, "இத்த தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடு சார்" என்றார். நீதான், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக்கலாம் நைனா, போனிலேயே சொல்லித்தருகிறேன் என்றாய். பாஸ்வேர்டு அடிக்க அடிக்கத் திரையில் ஒரு புள்ளிகூட வராததால், கீபோர்டு செத்துவிட்டது என்று மூன்று தடவை அணைத்துத் திறந்தேன், "அது காட்டாது நைனா, நீ பாட்டுக்கு அடி" என்று சிரித்தாய். எல்லாம் ஏறிய பிறகு வைஃபை இல்லை, உள்ளே இருக்கிற பழைய வைஃபை கார்டு லினக்ஸுக்கு அடையாளம் தெரியவில்லையாம். போனை ஒயரில் சொருகி அதிலிருந்து நெட் எடுத்தோம். சவுண்டு ஒரு காதில்தான் வந்தது, தமிழில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நின்றது, ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போனது. எரிச்சலில் ஒரு நாள் அதை மூடி அரிசி டிரம்மின்மேல் வைத்துவிட்டேன். ஆனால் சாயங்காலம் நாலரைக்கு, உன் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மறுபடி உன் போன் வந்தது.

அதற்குமுன் மாதத்துக்கு இரண்டு தடவை பேசுவாய். இதற்காக ஒன்பது நாள் தினமும் பேசினாய். "திரையில இன்னா எழுதியிருக்குது படி" என்பாய், படிப்பேன். ஏதாவது இறங்கி முடிகிறவரை காத்திருக்கவேண்டுமே, அப்போதுதான் சாப்டியா, முட்டிவலி எப்படி இருக்குது என்று கேட்பாய்.

வைஃபை போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிட்டது மா. நீ அனுப்பிய கடைசி கட்டளை வரியை அடித்து அணைத்துத் திறந்தேன், மேல் மூலையில் விசிறி மாதிரி அந்தக் குறி நின்றது. வீட்டில் யாரும் இல்லை, இருந்தும் கைதட்டினேன். சாயங்காலம் நீ கேட்டபோது இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமையும் அப்படியே. நீ களைத்த குரலில் வேறு வேறு வழி தேடினாய், நான் அடிக்காததையெல்லாம் அடித்தேன் என்றேன். வியாழக்கிழமை, சும்மா இருக்கிற திரையைப் பார்த்துக்கொண்டு, இறங்குது இறங்குது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீ, "நைனா, இங்க தினம் தனியா உக்காந்துதான் துன்றேன், உன்கூட பேசிக்கினே சாப்டா ரெண்டு வாய் சேத்து இறங்குது" என்றாய். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுநாள் சரியாகிவிட்டது என்றேன். அப்பாடா என்றாய். அதன்பிறகு நீ கூப்பிடாமல் மூன்று வாரமாகிறது, நடுவில் வாட்ஸ்அப்பில் இரண்டு தடவை கட்டைவிரல் மட்டும் வந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை, உன் வேலை அப்படி. உன் சாப்பாட்டு நேரத்தை மூன்று நாள் ஏமாற்றி வாங்கிக்கொண்டேன், போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கையால் எழுதுகிறேன். இப்போது வைஃபை வருகிறது, இரண்டு காதிலும் சத்தம் வருகிறது, எழுத்தும் ஒழுங்காக நிற்கிறது. கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. இருந்தாலும் நாலரைக்குக் கூப்பிடு, நானும் தட்டில் ஏதாவது போட்டுக்கொண்டு உட்காருகிறேன்.

காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மாவுக்கும் சேர்த்து நானே உன்னை ஆசீர்வதிக்கிறேன், நன்றாக இரு.

உன் நைனா,
ஆதிமூலம்